சங்குக்கும் சங்குக்கும் நடுவே: வடசென்னையின் சின்னச் சந்தோஷங்கள்

1918-ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற அந்த இரட்டை ஆலைகளை ஊர் மொத்தமும் 'பின்னி மில்' என்றுதான் சொல்லும். சிறு வணிகரான செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமானுஜலு நாயுடுவும் அந்தக் குறைகளை அடையாற்றிலிருந்த, அன்னி பெசன்ட்டின் தோழரான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். அடி, வசவு, அபராதம் என்று பட்டியல் நீளமானது. அதில் முன்வரிசையில் நின்றது சோற்று நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கூட்டத்தோடு வெளியே வந்து, கை கழுவி, தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. திரு.வி.க. உள்ளிட்ட பலர் அதில் தோள் கொடுத்தார்கள்.

கூலி உயர்வு, போனஸ், கதவடைப்பு என்று அந்தச் சங்கத்தின் கதை பிறகு பெரிய கதையானது. ஆனாலும் எனக்கு அந்தத் தொடக்கம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நாட்டின் தொழிலாளர் இயக்கம், சோற்றை நிதானமாக மென்று தின்ன இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்ற ஆசையிலும் கால் ஊன்றி எழுந்திருக்கிறது. 'சின்னச் சந்தோஷங்கள்' என்று யாராவது பேச்செடுத்தால் அதனால்தான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மகிழ்ச்சிக்குப் பத்து வழிகள், காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய ஐந்து என்று பட்டியல் போடுபவர்கள், நேரம் என்பது ஏதோ எல்லோர் வீட்டுக் குழாயிலும் கொட்டுவதுபோல எழுதுகிறார்கள். வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் குழாயில் தண்ணீரே கேட்ட நேரத்துக்கு வந்ததில்லை.

வடசென்னையின் அன்றாடச் சந்தோஷங்களை வளர்த்தது ஓய்வு நேரம் என்று சொல்வதற்கில்லை. வேலை விட்டுக்கொடுத்த இடுக்குகளில் அவை முளைத்தன. துறைமுகத்து ஷிப்ட், ரயில்வே பணிமனை, ஆலைச் சங்கு, நடு இரவில் கரை சேரும் படகு, லாரித் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நாளைத் துண்டு துண்டாக வெட்டின. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில் ஊர் ஒரு சுவையைக் கண்டுபிடித்துக்கொண்டது. அந்த இடைவெளிதான் அந்தச் சுவையை இத்தனை தலைமுறையாகச் சலிக்காமலும் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

என் பெரியப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் 1996-இல் மூடப்பட்டது. அந்த வளாகத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. மூடி வெகுகாலம் ஆன பிறகும் அவருக்குச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தட்டு வைத்தாக வேண்டும். மூன்றரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். வீட்டில் நல்ல பாலில் பெரியம்மா போட்டுக் கொடுக்கும் டீயைத் தொடமாட்டார். "வீட்டு டீ மருந்து மாதிரி இருக்கிறது" என்பார். கடை டீயில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

பதில் ஓரளவு அந்தக் கடையின் மேடையிலேயே இருக்கிறது. பாய்லரில் நாள் முழுக்கக் கொதிக்கும் வெந்நீர். அதன் பக்கத்தில், பல மாதக் கஷாயத்தில் ஊறிப் பழுப்பேறிய துணி வடிகட்டி. உள்ளே டஸ்ட் டீத்தூள். இலை இலையாக இருக்கும் தேயிலை மெதுவாகச் சாறு விடும். தூள் நொடியில் நிறமும் துவர்ப்பும் இறக்கிவிடும். பத்து நிமிட இடைவேளையில் வருகிறவனுக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் கிளாஸில் சர்க்கரையைப் போட்டு, பாலை ஊற்றி, வடிகட்டியைத் தூக்கி டிகாக்‌ஷனை இறக்குகிறார். பிறகு ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்து இரண்டு வீச்சு ஆற்றுகிறார். அந்த நீள வீச்சு பார்ப்பதற்கு வித்தை. உண்மையில் அது நேரக் கணக்கு. மெல்லிய தாரையாக இறங்கும்போது காற்று பட்டுச் சூடு குறைகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை எழும்புகிறது. கையில் வாங்கியதும் குடிக்கலாம். ஊதி ஊதிக் குடிக்க இங்கே யாருக்கும் நேரம் இல்லை.

தேநீர் ஆலைத் தொழிலாளியின் கைக்கு வந்ததும் தற்செயல் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே தேயிலை முதலாளிகளின் அமைப்பு ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடைகள் வைக்க ஊக்கம் கொடுத்தது. சோர்வு தீர்ந்தால் வேலை நடக்கும், தேயிலையும் விற்கும் என்ற இரட்டைக் கணக்கு அது. தமிழ்நாட்டில் நடுத்தர வீட்டு அடுப்படி காபியை எடுத்துக்கொண்டபோது தெருவும் ஆலை வாசலும் டீயை எடுத்துக்கொண்டன. காபிக்கு டவரா வேண்டும், பில்டர் வேண்டும், புதிதாக இறக்கிய டிகாக்‌ஷன் வேண்டும், அதைவிட முக்கியமாக வீட்டுக்குள் ஒருவர் காத்திருக்க வேண்டும். டீக்கு நிற்க ஓர் இடம் போதும்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. சட்டம் கொடுத்தது அந்த அரை மணி. அதற்குள் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு பெஞ்சில் உட்காருவது, ஒரு டீயை இரண்டு கிளாஸில் பங்கு போடுவது, பட்டர் பிஸ்கட்டை விழாமல் நனைத்து எடுப்பது இவையெல்லாம் ஊர் தானாகச் சேர்த்துக்கொண்டவை. கடைசியாகச் சொன்னதில் நான் இன்னும் தேறவில்லை.

*

அதே கணக்கில் கடல் கடந்து வந்த ஒரு சுவையும் இங்கே இருக்கிறது. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருங்கூட்டமாகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வியாசர்பாடிப் பக்கம் பலர் குடியேறினார்கள். 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. வந்தவர்கள் நகையையும் பணத்தையும் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள்.

அத்தோ என்பது பர்மிய மொழியில் கலந்து பிசைந்த உணவுக்கான சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கு ஏற்றபடி அது சமைக்கப்படுவதில்லை, பிசையப்படுகிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு வண்டியின் முன்னால் நின்று பார்த்தால் தெரியும். வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்த நூடுல்ஸ், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குன்றாகக் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போடுவார். மேலே நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. தட்டை போன்ற ஒரு மொறுமொறுப்பை உள்ளங்கையில் வைத்தே நொறுக்கித் தூவுவார். புளிக்கரைசல், உப்பு, வறுத்த மிளகாய்த்தூள், எலுமிச்சை. கடைசியில் வெங்காயமும் பூண்டும் பொன்னிறமாகப் பொரிந்த எண்ணெய் ஒரு கரண்டி. பிறகு ஐந்து விரலையும் உள்ளே விட்டு, நசுக்காமல், கீழிருந்து மேலாக நாலைந்து புரட்டு. முகத்தை ஏறிட்டுப் பார்த்து "காரம் போதுமா அண்ணா?" என்பார். நீங்கள் தலையாட்டுவதற்குள் தட்டு கைக்கு வந்துவிடும்.

கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும். பர்மியர்கள் காலையில் சாப்பிடும் மொகிங்கா என்ற மீன் குழம்பில் வாழைத்தண்டு உண்டு. அந்தக் குழம்பின் தூரத்துச் சொந்தம்தான் இந்தச் சூப். பல வண்டிகளில் மீன் விடைபெற்றுக்கொண்டு தண்டும் மிளகும் பூண்டும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயம், புளி, மிளகாய்த்தூள் அடைத்துத் தருவதும் உண்டு. அதை ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடிப்பவரைக் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார்.

மாலை விளக்கேற்றும் வேளையில்தான் இந்த வண்டிகளுக்கு உயிர் வரும். மொத்த வியாபாரக் கடைகள் ஷட்டரை இறக்கும், அலுவலகங்கள் விடும், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் கடப்பார்கள். வேலை முடிந்து வீடு சேர்வதற்குள் ஒரு துண்டு நேரம் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் மனிதன் முதலாளிக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. அந்தக் கால் மணி நேரத்தை நம்பியே ஒரு அகதிச் சமையல் ஊர்ச் சமையலாகிவிட்டது.

*

நாளின் இடைவெளியைப் பார்த்தோம். ஆண்டின் இடைவெளி இன்னும் சுவையானது.

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 ஆயிற்று. காசிமேட்டில் விசைப்படகுகள் பக்கத்துக்குப் பக்கம் உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள். பைபர் படகும் கட்டுமரமும் கரையோரம் போய்வரலாம் என்பதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது. நெத்திலி, காரப்பொடி, கவளை என்று சின்னவை வரும். வஞ்சிரமும் பெரிய வவ்வாலும் கண்ணில் பட்டால் விலை கேட்கவே பயமாக இருக்கும். பெரியம்மா அந்த இரண்டு மாதமும் கருவாட்டில் ஓட்டிவிடுவார். சுட்ட கருவாட்டுக்கு அந்தப் பருவத்தில் மாங்காய் கிடைப்பது கடவுள் செயல்.

ஜூன் பாதியில் படகுகள் போகும். முதல் பாடு கரைக்கு வந்த செய்தி எப்படித்தான் தெருவுக்கு எட்டுமோ தெரியாது. பாடு என்றால் வலையில் விழுந்த வரவு. உழைப்புக்கும் அதே சொல்தான் என்பதை மீனவர்களிடம் சொல்லிக்காட்டத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே ஏலம் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பது, விரலால் வயிற்றை அழுத்திப் பார்ப்பது, கண் கலங்கியிருக்கிறதா தெளிந்திருக்கிறதா என்று குனிவது, எல்லாம் பார்த்துவிட்டு "வேண்டாம் அக்கா" என்று இரண்டடி நகர்ந்து, கூப்பிடுவதற்காகக் காத்திருப்பது. கூறு கட்டி வைத்திருப்பவர் கூப்பிடுவார். விலை படிந்ததும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் ஆயக் கொடுக்க வேண்டும். அவர் கத்தியை நகர்த்தாமல் மீனை நகர்த்தி வெட்டும் வேகத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் போதவில்லை.

அன்று வீட்டில் வைக்கும் குழம்பு, மார்ச் மாதம் வைத்த அதே குழம்புதான். அதே புளி, அதே மிளகாய்த்தூள், அதே மண்சட்டி. ஆனால் பெரியப்பா முதல் வாய்க்குக் கண்ணை மூடுவார்.

இதற்கு உளவியலாளர்கள் விளக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த நல்லதும் தொடர்ந்து கிடைத்தால் மனம் அதற்குப் பழகிப்போகும். பழகியதும் அது இன்பம் என்ற கணக்கிலிருந்து இறங்கி, இருந்தாக வேண்டியது என்ற கணக்கில் ஏறிவிடும். 2013-இல் ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. ஆட்களுக்குச் சாக்லேட் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அடுத்த ஒரு வாரம் ஒரு குழு சாக்லேட்டைத் தொடவே கூடாது. இன்னொரு குழுவுக்குக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு பை நிறையக் கொடுத்து முடிந்தமட்டும் தின்னச் சொன்னார்கள். மூன்றாம் குழுவுக்குக் கட்டளை ஏதும் இல்லை. வாரம் கழித்து மறுபடி ஒரு துண்டு கொடுத்தபோது, விலக்கி வைத்திருந்தவர்கள்தான் அதை அதிகம் ரசித்தார்கள்.

ஆய்வகத்துக்கு ஒரு வாரம். காசிமேட்டுக்கு 61 நாள். வடசென்னையில் இந்த விலக்கல் எல்லாச் சமயத்தாருக்கும் நாட்காட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. புரட்டாசி முழுக்கக் கவுச்சி ஆகாத வீடுகள், ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு காசிமேட்டில் வரிசையில் நிற்கும். ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளுக்குத் தவக்காலத்து நாற்பது நாளும் அதன் முடிவில் உயிர்ப்பு ஞாயிறும் உண்டு. மண்ணடியில் ரமலான் மாதத்துப் பின்மாலைகளில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு பிள்ளைகள் நிற்பார்கள். உள்ளே பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி குழைந்துகொண்டிருக்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கறி. நோன்பு வைத்தவர், வைக்காதவர், வேறு சாமி கும்பிடுபவர் என்று பார்க்காமல் வாளியை நிரப்பி அனுப்புவார்கள். பகலெல்லாம் ஒரு வாய்த் தண்ணீரும் இல்லாமல் இருந்தவருக்கு அந்தக் கஞ்சியின் முதல் மிடறு எப்படி இருக்கும் என்பதைப் பட்டினி கிடக்காத எனக்குச் சொல்ல உரிமை இல்லை. கஞ்சி நன்றாக இருக்கும் என்பதை மட்டும் சொல்வேன்.

ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. தடைக்காலம் என் நாக்குக்கு இடைவெளி. படகில் கூலிக்குப் போகிறவனுக்கு இரண்டு மாத வருமான இடைவெளி. அரசு தரும் நிவாரணத்தை வைத்துக்கொண்டு கடன்காரனைச் சமாளிக்கிறவரிடம் போய்க் காத்திருந்து தின்றால் சுவை கூடும் என்று சொன்னால், கையில் இருக்கும் துடுப்பால் ஒன்று வைப்பார். தானாக விலக்கி வைப்பது வேறு, கிடைக்காமல் போவது வேறு. ஆய்வில் சாக்லேட்டை நிறுத்தியவர்களுக்குச் சாப்பாடு நிற்கவில்லை.

*

இன்னொரு வகைச் சந்தோஷம் இருக்கிறது. அது பழகப் பழகக் குறைவதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் வியாசர்பாடியிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நுழையுங்கள். சின்ன மன்றம் ஒன்றின் வாசலில், தலைக்கு மேல் தாழத் தொங்கும் விளக்கின் வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு கேரம் பலகை கிடக்கும். நாலு பேர் ஆட, பத்துப் பேர் ஆட்டத்தைத் திருத்துவார்கள்.

பலகை 74 சென்டிமீட்டர் சதுரம். பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர் வாழும் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான மைதானம் கிடையாது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. ஆட்டத்துக்கு முன்னால் போரிக் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, மீதியை ஊதிவிடுவார்கள். சிலர் காயைச் சுண்டி அது எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள், சமையல்காரர் உப்புப் பார்ப்பதுபோல. சிவப்புக் காயைப் போட்டவர் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றை 'ஃபாலோ' போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். கைக்கு வந்தது கைநழுவுவதைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர்நாடி.

இந்தத் தெருக்களிலிருந்து உலகக் கோப்பை வந்திருக்கிறது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக வாகையர் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். அவர்களுக்கு முன்னே, 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். இவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு, பலகையைச் சுற்றி நிற்கும் மற்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. முப்பது வருடமாக ஆடி எந்தக் கோப்பையும் வாங்காத ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பகலில் மூட்டை தூக்குகிற தோள். இரவில் ஆள்காட்டி விரலால் அவர் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுவது பூவைத் தள்ளுவதுபோல இருக்கும். மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் காயை, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்து மெல்லத் தொட்டு உள்ளே இறக்குவார். யாரும் கைதட்டமாட்டார்கள். "ம்" என்று ஒரு சத்தம் எழும். அவருக்கு அது போதும்.

*

வீடு சின்னதாக இருப்பதால் தெருவே கூடமாகிவிடுகிறது. திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன. பிளாஸ்டிக் நாற்காலி அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிற்பகலில் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது எதற்கு என்றால், காற்றுக்கு.

கடற்காற்று வடசென்னையின் இலவசச் சொத்து. வெயிலில் நிலம் சீக்கிரம் காய்ந்துவிடும். கடல் மெதுவாகத்தான் சூடேறும். காய்ந்த நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். பெரும்பாலும் மத்தியானத்தை ஒட்டி இது நடக்கும். மே, ஜூனில் மேற்கிலிருந்து வீசும் அனல்காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று கரையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அன்றுதான் நகரம் வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. காற்று வரும் நாளில் ராயபுரமும் திருவொற்றியூரும் முதலில் குளிரும், அண்ணா நகருக்கு அதற்குப் பிறகுதான் முறை. வடசென்னைக்கு முதலில் வந்து சேரும் நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுவதால் காற்று நேராக உள்ளே வரும். முதலில் கொடியில் காயும் துணி அசையும். கடைசி வீட்டுப் பாட்டி "வந்துவிட்டது" என்பார். நாற்காலிகள் வெளியே வரும். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிடுவார். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பிள்ளை எந்தப் பரீட்சையில் கோட்டைவிட்டான் என்பதெல்லாம் அந்தக் காற்றிலேதான் தெருவுக்குத் தெரியவரும்.

காற்று இலவசம் என்று சொல்லிவிட்டேன். எல்லா நாளும் அது சுத்தம் என்று சொல்லவில்லை. எண்ணூர், மணலிப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் கலந்து வரும் நாட்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே போய், குவளையாலும் கையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கரையோரத்தில் அமோனியாக் கசிவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கழிமுகத்து இறாலும் நண்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதும் சின்ன விஷயங்கள்தான். அவை நிலைக்க ஆறு ஓட வேண்டும், காற்றைச் சுவாசிக்க முடிய வேண்டும், யாரோ ஓர் அதிகாரி தன் வேலையைச் செய்ய வேண்டும். 1918-இல் சோற்று நேரத்துக்குச் சங்கம் தேவைப்பட்டதுபோல இதற்கும் தேவைப்படுகிறது.

*

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர், சங்கிலி நாச்சியாரை மணந்தபோது உன்னைவிட்டுப் பிரியேன் என்று சத்தியம் செய்தது இந்த மகிழின் அடியில்தான் என்பது புராணம். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. அதே ஊர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கையில் கசக்கும் பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்த அவருக்கு, அது தித்தித்த இடம் இதுதான் என்பார்கள்.

பெரியம்மாவுக்கு இந்தக் கதைகள் எல்லாம் தெரியும். ஆனால் விடியற்காலையில் அவர் கோயிலுக்குப் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மகிழம்பூ இரவிலும் அதிகாலையிலும் தானாக உதிரும், பறிக்க வேண்டியதில்லை. சட்டைப் பொத்தான் அளவு, வெளிறிய மஞ்சள், சக்கரம் போன்ற இதழ்கள், நடுவில் ஒரு துளை. ஊசி இல்லாமலே நாரில் கோத்துவிடலாம். பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வருவதற்குள் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். பாதி சாமி படத்துக்கு. மீதியை அப்படியே பீரோவில் புடவை மடிப்புக்குள் வைத்துவிடுவார். மகிழம்பூ காய்ந்து சருகாகிப் பழுப்பேறிய பிறகும் மணம் விடாது. மாதங்கள் கழித்து ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் புடவையை உதறும்போது, பொடிப்பொடியாக இரண்டு மூன்று தரையில் விழும். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று பெரியப்பா வாசலிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். பெரியம்மா தரையில் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டிருப்பார்.